கொடிவழி எழுதுகிறீர்களா? முதலில் எண் போடுங்கள்

குடும்ப வரலாற்றைத் திரட்டத் தொடங்கினால் சீக்கிரமே தலை சுற்றும். ஒரே பெயர் நாலு தலைமுறையில் திரும்பத் திரும்ப வரும். எந்தத் தாத்தா என்றே தெரியாது. அதற்கு எளிய வழி எண்தான். உங்களுக்கு 1, அப்பாவுக்கு 2, அம்மாவுக்கு 3. அதற்குமேல், யாருடைய எண்ணை இரட்டித்தாலும் அவருடைய தந்தை. கூட ஒன்று சேர்த்தால் தாய். அம்மாவின் அம்மா 7, அவருடைய அப்பா 14. ஆஸ்திரிய வரலாற்றாசிரியர் மைக்கேல் ஐட்சிங்கர் 1590-லேயே அச்சிட்டுக் காட்டிய முறை இது. சித்தப்பா, அத்தைகளுக்கு இதில் இடமில்லை, அவர்களைத் தனித்தாளில் எழுதுங்கள்.

ஒவ்வொரு தகவலுக்குப் பக்கத்திலும் அது எங்கே கிடைத்தது என்று குறியுங்கள். 'பாட்டி சொன்னது' என்பதும் ஆதாரம்தான், சொன்ன தேதியோடு இருந்தால். இரண்டு ஆவணங்களில் இரண்டு பிறந்த தேதியா? இரண்டையும் எழுதி வையுங்கள். நமக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை அழிப்பதுதான் பெரிய தப்பு.

பழைய படங்களின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பல நேரம் பெயர்கள் அங்கேதான் இருக்கும். நீங்கள் எழுதுவதானால் மென்மையான பென்சில் போதும், பேனா வேண்டாம்.

உறவினர்களுக்கு அனுப்பும்போது 'கெட்காம்' (GEDCOM) கோப்பாக மாற்றுங்கள். குடும்பத் தகவல்களைப் பரிமாற 1984 முதல் இருக்கும் கோப்பு வடிவம், பெரும்பாலான வம்சாவளி மென்பொருள்கள் படிக்கும். படங்களைத் தனியாக அனுப்புவது நல்லது. அனுப்பும் முன், உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதிகளை மட்டும் நீக்கிவிடுங்கள்.