மொரீஷியஸில் முதல் நாள்: விடுதியை விட்டு வெளியே வந்து சாப்பிடுவது எப்படி?

மொரீஷியஸ் போகும் பலர் கடற்கரை விடுதியிலேயே மூன்று வேளையும் பஃபே சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பாவம், ருசியெல்லாம் தெருவோரத்தில் இருக்கிறது. முதல் தடவை போகிறவர்கள் இப்படிச் செய்து பாருங்கள்.

1. மே முதல் அக்டோபர் வரை வெயில் இதமாக இருக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். பெட்டியில் பழம், செடி, விதை வேண்டாம்.

2. விமான நிலையத்திலேயே கொஞ்சம் பணம் மாற்றி, சிறிய நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். தெருக்கடையில் அதுதான் செல்லும். நோட்டைத் திருப்பிப் பாருங்கள், தமிழ் எழுத்து இருக்கும்!

3. காலையில் தலைநகர் போர்ட் லூயியின் மார்க்கெட் பக்கம் போய் தால்பூரி வண்டியைத் தேடுங்கள். வரிசை நீளமாக இருக்கும் வண்டியே நல்ல வண்டி. பெயரில்தான் பூரி, எண்ணெயில் பொரிப்பதில்லை. வேகவைத்து அரைத்த பருப்பை மஞ்சள், சீரகத்தோடு மாவுக்குள் பொதிந்து, மெல்லிசாகத் தேய்த்துக் கல்லில் சுடுகிறார்கள். இனிப்பில்லாத பருப்புப் போளி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஜோடியாகத்தான் தருவார்கள். மேலே பட்டர் பீன்ஸ் குழம்பு, 'ருகாய்' என்கிற தக்காளித் தொக்கு, சட்னி எல்லாம் வைத்துச் சுருட்டிக் காகிதத்தில் கொடுப்பார்கள். குழம்பு கீழ்ப்பக்கமாக ஒழுகும். குனிந்து நின்று சாப்பிடுங்கள், வெள்ளைச் சட்டை வேண்டாம்.

4. கேட்பது சுலபம். அங்கே எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் ஒரு ஜோடிக்கு 'என் பேர்'. ஆமாம், நம் 'என் பேர்' மாதிரியேதான்! 'என் பேர் தால்பூரி' என்றால் போதும், யாரும் உங்கள் பெயரைக் கேட்கமாட்டார்கள். காரம் வேண்டாமென்றால் 'சான் பிமா' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆந்திரா மிளகாயே சாப்பிட்டவன் என்ற தைரியத்தில் நான் சொல்லாமல் விட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

5. அப்புறம் அதே மார்க்கெட்டில் ஒரு டம்ளர் அலூதா. சப்ஜா விதையும் அகர் அகரும் போட்ட குளிர்ந்த பால். சைவக்காரர்கள் வறுத்த நூடுல்ஸ் வாங்கும்முன் மட்டும் முட்டை, இறைச்சி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

6. போர்ட் லூயியிலிருந்து கியூர்பைப் வரை மெட்ரோ ஓடுகிறது. மற்ற பெரும்பாலான ஊர்களுக்கு பஸ்தான். ஆனால் பல தடங்களில் மாலையோடு நின்றுவிடும். இருட்டியபின் டாக்ஸி என்றால், ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசி முடித்துவிடுங்கள்.