எல்ல இறக்கமும் வீட்டுச் சாமான் லொறியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் மலைப்பாதையில், இராவணா நீர்வீழ்ச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு லொறி ஓரங்கட்டி நின்றது. பின்சக்கரத்திலிருந்து புகை. மெத்தை, அலுமாரி, தையல் மெஷின், கோழிக்கூடு என்று ஒரு வீடே படங்குக்கு அடியில் இருந்தது. ஓட்டி வந்த தம்பி, போத்தல் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றப் போனார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். மலையகத்து ஹட்டனிலிருந்து கிழக்குக் கரையிலுள்ள திருக்கோவிலுக்குக் குடிபோகிறார்களாம். 22 வருடங்களுக்கு முன் அதே பாதையில் நானும் அப்படித்தான் இறங்கினேன்.

டயருக்குக் காற்று, குடிதண்ணீர், பிள்ளைகளுக்கு வாந்திப் பை எல்லாம் உங்களுக்கே தெரியும்.

இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்புவது

எல்ல கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்குச் சற்று மேலே இருக்கிறது. வெல்லவாய 200 மீற்றர் அளவில். இடையே 30 கிலோமீற்றர்கூட இல்லை. அவ்வளவு உயரத்தையும் பிரேக்கிலேயே இறங்கினால் லைனிங் கருகிப் பிடிப்பை இழக்கும். பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழ் விடும். எண்ணெய் அமுங்காது, குமிழ் அமுங்கும். மிதி உள்ளே போகும், சக்கரம் நிற்காது.

அன்று நான் டீசலை மிச்சம் பிடிக்க, கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில் விட்டேன். பின்னால் அக்காவின் சாமான் முழுவதும், பக்கத்தில் அத்தான். முதலில் வந்தது நாற்றம்தான்: கருகிய இறப்பர் போலத் தொண்டையைப் பிடித்தது. யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு வளைவு தாண்டி மிதித்தபோது கால் தரைவரை போய்விட்டது. மலைப்பக்க மண்மேட்டில் மோதித்தான் நிறுத்த முடிந்தது. அத்தானின் இடது தோள் உடைந்தது. திருக்கோவிலில் கரைவலை இழுக்கப் போகவிருந்தவர். இன்றுவரை அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்க அவரால் முடியவில்லை. நான் மிச்சம் பிடித்த டீசல் ஒரு லீற்றர்கூட இருக்காது.

நியூட்ரல் வித்தையை இளம் சாரதிகளுக்கு இன்னும் சொல்லிக்கொடுப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. இன்றைய டீசல் எஞ்சினில் கியரோடு இறங்கி, அக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருளே போகாது. நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் தன்னை ஓட்டிக்கொள்ள டீசல் குடிக்கும். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குபவர்களும் உண்டு. நாலைந்து மிதியில் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் இறுகிவிடும்.

இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். அதே சுமையோடு அந்த மேட்டை ஏற எந்தக் கியர் வேண்டுமோ, இறங்கவும் அதுவே, அல்லது அதற்கும் குறைந்தது. எஞ்சின் இரைவதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வேகம் கூடினால் பிரேக்கை அழுத்தி மிதித்து, குறைந்ததும் முழுவதுமாக விட்டுவிடுங்கள். மிதியின் மேல் காலை வைத்துக்கொண்டே இறங்குவதுதான் பிரேக்கை எரிக்கிறது. பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தால் ஓரங்கட்டி வழி விடுங்கள். அதற்காக வேகத்தைக் கூட்டாதீர்கள்.

நாற்றம் வந்தால் அங்கேயே நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். கொதிக்கும் பிரேக் டிரம்மில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். அதனால்தான் அந்தத் தம்பியின் கையைப் பிடித்தேன்.

முன்பலகையோடு இடைவெளி விட்டு ஏற்றுவது

இறக்கத்தில் எல்லாம் முன்னோக்கி நகரும். கனமானவை அடியில், சாரதி இருக்கைக்குப் பின்னாலுள்ள முன்பலகையோடு ஒட்டி நிற்க வேண்டும். அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றி இரண்டு மெத்தைகளுக்கு நடுவே வையுங்கள்.

இருட்டியபின் லகுகலையைக் கடப்பது

வேண்டாம். பொத்துவிலுக்கு முன்னால் வரும் காடு அது. யானை நடுத்தெருவில் நிற்கும்.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை குடிபோவது

மலையில் மண்சரிவு, கரையில் வெள்ளம். மலையில் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்தது 2014 ஒக்டோபரில். வாடை மழை ஓய்ந்தபின் நாள் குறியுங்கள்.