பறக்கும்போது எஞ்சின் மக்கர் செய்தால்: புதிதாகப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. ஆனாலும் பைலட் பயிற்சிக்கு வெளியூர் கிளம்பும் தம்பி தங்கைகள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, மேலே எஞ்சின் நின்றுபோனால்?"

கல் மாதிரி விழாது. செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானம் ஆயிரம் அடி உயரத்துக்கு இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் மிதந்து போகும். 3,000 அடியில் எஞ்சின் நின்றால் சுமார் நான்கு நிமிடம் கையில் இருக்கிறது. அந்த நான்கு நிமிடத்துக்குத்தான் இந்த வரிசை. உங்கள் விமானத்தின் கையேடும் இன்ஸ்ட்ரக்டரும் சொல்வதே இறுதி. அவர் "ஐ ஹேவ் கண்ட்ரோல்" (இனி நான் ஓட்டுகிறேன்) என்றால் உடனே கையை எடுத்துவிடுங்கள்.

முதலில் மூக்கு. பயத்தில் கை தானாக மூக்கை மேலே இழுக்கும். இழுத்தால் வேகம் செத்து, இறக்கை காற்றைப் பிடிக்காமல் போய்விடும். மூக்கைத் தாழ்த்தி மிதக்கும் வேகத்தைப் பிடியுங்கள்: செஸ்னா 172எஸ் என்றால் 68 நாட், அதைவிடச் சின்ன செஸ்னா 152 என்றால் 60. கை எடுத்தாலும் அந்த வேகம் நிற்கும்படி டிரிம் சக்கரத்தை வைத்தபிறகுதான் மற்ற வேலை.

அடுத்து, இறங்க இடம். இதை ஊரிலேயே பழகலாம். லீவில் வரும்போது மருந்துவாழ்மலை ஏறி, கீழே பார்த்து, பத்து எண்ணுவதற்குள் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுப்பேன். தென்னந்தோப்பும் ரப்பர் தோட்டமும் வேண்டாம். தண்ணீர் நிற்கும் வயலும் வேண்டாம். சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழும். கும்பப்பூ நெல் அறுத்துக் காய்ந்த வயல் கெட்டியாக இருக்கும். அதிலும் வரப்பைக் குறுக்கே வெட்டாமல் நீளவாக்கில் இறங்க வேண்டும். மின்கம்பி மேலிருந்து தெரியாது, கம்பத்தைத் தேடுங்கள். காற்றை எதிர்த்து இறங்கினால்தான் தரையில் ஓட்டம் குறையும். காற்றுத் திசைக்கு ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைப் பாருங்கள். அவை எந்தப் பக்கம் முகம் காட்டுகின்றனவோ அங்கிருந்துதான் காற்று வருகிறது. ஆடி மாதம் என்றால் பெரும்பாலும் மேற்கு. ஆனால் காற்றாலைகளுக்கு நடுவே இறங்க நினைக்காதீர்கள்.

இடத்தை நோக்கித் திரும்பியாச்சா? சரி, இப்போது எஞ்சினைக் கவனியுங்கள். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள எஞ்சின் என்றால், அதற்குள் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட் பிடியை முதலில் முழுக்க இழுங்கள், எஞ்சின் சூடு ஆறிவிட்டால் அதனால் பயனில்லை. அப்புறம் 172இல் எரிபொருள் செலக்டர் 'போத்' (இரண்டு டேங்கும்), காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவை மாற்றும் மிக்ஸ்சர் 'ரிச்', தீப்பொறி தரும் மேக்னெட்டோ 'போத்' (இரண்டும்), ஸ்டார்ட் செய்ய எரிபொருள் அடிக்கும் பிரைமர் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது.

ஈரக்காற்றில், வெயில் நாளில்கூட, கார்புரேட்டருக்குள் பனி கட்டும். எனக்கு ஒருமுறை ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) 2,300லிருந்து மெல்ல மெல்ல 2,100க்கு இறங்கியது. ஹீட்டை இழுத்ததும் எஞ்சின் இன்னும் மோசமாக இருமி, முன்கண்ணாடியே அதிர்ந்தது. உருகிய தண்ணீர் உள்ளே போகும் இருமல் அது. பயந்து ஹீட்டை மூடியிருந்தால் பனி அப்படியே இருந்திருக்கும். கொஞ்ச நேரம் பொறுத்தேன், சத்தம் சீரானது.

எஞ்சின் வரவில்லையா? ரேடியோவில் 'மேடே' என்ற ஆபத்து அழைப்பு மூன்று முறை, விமானத்தின் பெயர், பிரச்சினை, இருக்கும் இடம். பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலேயே சொல்லலாம். யாரும் இல்லையென்றால் அவசர அலைவரிசை 121.5. ரேடாருக்கு நம்மை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் அவசர எண் 7700.

இறங்குமுன் மிக்ஸ்சர், எரிபொருள், மேக்னெட்டோ மூன்றையும் அணையுங்கள். 172இல் ஃபிளாப் (மெதுவாக இறங்க உதவும் இறக்கையின் பின்மடல்) மின்சாரத்தில் இயங்குவதால் அதை இறக்கிய பிறகே மொத்த மின்சாரத்தையும் நிறுத்தும் மாஸ்டர் சுவிட்ச். பெல்ட்டை இறுக்கி, கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். அடிபட்டு நெளிந்தால் திறக்காது.

டேக்ஆஃப் ஆன உடனே எஞ்சின் நின்றால் மட்டும் இத்தனைக்கும் நேரமில்லை. ரன்வே பின்னால்தானே இருக்கிறது என்று திரும்பப் பார்த்து உயிரை விட்டவர்கள் உண்டு. மூக்கைத் தாழ்த்தி, நேர் எதிரே அல்லது சற்று இடம் வலமாக இறங்குங்கள். அதனால் ஒவ்வொரு முறையும் த்ராட்டிலை (எஞ்சின் சக்தியைக் கூட்டும் பிடி) தள்ளுமுன், எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவேன் என்று இன்ஸ்ட்ரக்டர் காதில் விழும்படி சொல்லிவிட்டுத் தள்ளுங்கள்.