ஏர் ரைஃபிளில் பெல்லட்டை எவ்வளவு உள்ளே தள்ளுவது?

புதிதாக ஏர் ரைஃபிள் வாங்கிய தம்பிகள் அட்டையில் குண்டுகள் ஒரே இடத்தில் விழாமல் சிதறினால், முதலில் கை வைப்பது குறிபார்க்க உதவும் பின் குறியின் திருகில்தான். பாவம், அந்தத் திருகு ஒன்றும் செய்திருக்காது. கீழக்கரையில் எங்கள் மொட்டை மாடியில் 10 மீட்டர் அளந்து சுட்டுப் பழகியபோது நானும் ஒரு மாதம் அதைத்தான் திருகிக்கொண்டிருந்தேன். கோளாறு பெல்லட்டை உள்ளே தள்ளும் என் கட்டைவிரலில் இருந்தது.

வெளிநாட்டுக் காணொளிகளில் பித்தளைக் கூட்டில் வெடிமருந்து நிரப்பித் தோட்டாவை வீட்டிலேயே பொருத்துவதைப் பார்த்துவிட்டு, நாமும் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டம், 1959-இன்படி குற்றம். ஆனால் குண்டு எவ்வளவு உள்ளே போக வேண்டும், எதைத் தொட்டு நிற்க வேண்டும் என்று அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி நமக்கும் உண்டு.

சரி, முதலில் ஒரு பெல்லட்டை, அதாவது ஏர் ரைஃபிளின் ஈயக் குண்டை, உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். தட்டையான தலை, ஒடுங்கிய இடுப்பு, கீழே விரிந்த பாவாடை. தலை, குழலுக்குள் சுருளாக ஓடும் வரிமேடுகளைத் தொட்டு நேராக ஓடும். பின்னாலிருந்து வரும் காற்று பாவாடையை விரித்துக் குழலோடு ஒட்டவைக்கும். பாவாடை ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் காற்று அந்தச் சந்தில் கசியும், குண்டும் தள்ளாடும். அதனால் சுடும் முன் டப்பாவைக் காகிதத்தில் கொட்டி, நசுங்கியதை எல்லாம் ஒதுக்குங்கள். கசக்கிப் பார்க்க வேண்டாம், ஈயம் மிக மெத்தென்றது.

குழலை மடக்கித் திறக்கும் ரைஃபிள்தான் பெரும்பாலும் நம் கையில் இருக்கும். மடக்கியதும் இடது கையால் குழலை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள், வலது கை ட்ரிகர் பக்கமே போகக் கூடாது. மடங்கிய குழல் தவறிப்போய்ப் பட்டென மூடினால் கட்டைவிரல் போச்சு. இதைப் பழக்கமாக்கிய பிறகு மற்றதைப் பேசலாம்.

பெல்லட்டின் தலையை உள்ளே விட்டு, கட்டைவிரலின் சதையால், நகத்தால் அல்ல, நேராக அழுத்துங்கள். பாவாடையின் விளிம்பு, மடக்கித் திறந்த குழலின் பின்பக்க வாயோடு சமமாக நிற்க வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் குழலை மூடும்போது விளிம்பு நசுங்கும். சாய்வாக நுழைந்ததா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடுங்கள்.

தானாக வழுக்கி உள்ளே விழுந்தால் தலை சிறிது. விரல் வலிக்கும் அளவு முட்டினால் தலை பெரிது. நல்ல டப்பாக்களில் 4.49, 4.50, 4.51 என்று தலையின் அளவை மில்லிமீட்டரில் அச்சிட்டிருப்பார்கள். இரண்டு மூன்று அளவு வாங்கி ஒப்பிடுவது, விலை உயர்ந்த ஒரே டப்பாவை வாங்குவதைவிட மேல் என்பது என் கட்சி.

அப்புறம் ஆழத்துக்கு ஒரு சோதனை. ரைஃபிளை மணல் பைமேல், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், லேசாகப் பிடித்துச் சுடுங்கள். வாயோடு சமமாக வைத்து 5 குண்டு. அடுத்த அட்டையில், முனை மழுங்கிய மரக்குச்சியால் சுமார் 1 மி.மீ. கூடுதலாகத் தள்ளி 5 குண்டு. குச்சியில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் ஆழம் மாறாது. இடையில் பின் குறியின் திருகைத் தொடாதீர்கள். துளைகளின் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு அளந்து, குண்டின் அகலமான 4.5 மி.மீ. கழித்தால் குரூப்பின், அதாவது துளைக் கூட்டத்தின், அகலம் கிடைக்கும். ஒருமுறை பார்த்து முடிவு கட்டாமல் மூன்று நான்கு அட்டை சுடுங்கள். என் ரைஃபிளுக்குச் சமமாக வைப்பதே ஒத்துவந்தது. இது குழலுக்குக் குழல் மாறும். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் பத்துப் புள்ளி வெறும் 0.5 மி.மீ. பொட்டு என்பதை நினைத்தால் இந்த மெனக்கெடல் அதிகமில்லை. கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் போன்றோர் சுடுவது அந்தப் பொட்டைத்தான்.

கச்சான் காற்று அடிக்கும் ஆனி ஆடியில் ஜன்னல் கம்பிகூடப் பிசுபிசுக்கும் ஊர் நம்முடையது. ஜன்னலோரம் மூடி சரியாகப் போடாமல் வைத்த ஒரு டப்பா எனக்கு வெள்ளைப் பொடி பூத்துப்போனது. பூத்த குண்டு ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் போகும். அதைத் துடைத்துப் பயன்படுத்தப் பார்க்காதீர்கள். பொடி ஈயத்தின் விஷம். பெல்லட் டப்பாவை, புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவுக்குள் வையுங்கள். எண்ணெயில் குளிப்பாட்டக் கூடாது, ஸ்பிரிங் விசையால் காற்றை அழுத்திச் சுடும் ரைஃபிளில் அந்த எண்ணெய் அழுத்தத்தில் பற்றிக்கொண்டு வேகத்தைக் குலைக்கும்.

சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், டீயும் வடையும் அதற்குப் பிறகு. அட்டைக்குப் பின்னால் மணல் நிரப்பிய பெட்டி, கண்ணுக்குக் கண்ணாடி. கரையில் நிற்கும் கொக்கையும் நாரையையும் குறிவைக்கவே கூடாது. அது வனவிலங்குச் சட்டத்தில் போய் முடியும்.