வன்னியின் பழைய புகையிரத நேர அட்டவணைகளைத் தேடுதலும் படித்தலும்

மாங்குளத்திலிருந்து ஒருவர் காலையில் புறப்பட்டு, யாழ்ப்பாணத்தில் அலுவலை முடித்து, இருட்டுமுன் வீடு திரும்ப முடிந்ததா என்ற கேள்வி ஊர் வரலாறு எழுதுவோர் எல்லோருக்கும் எதிர்ப்படும். அதற்கு முதியோரின் நினைவோடு அந்த ஆண்டின் நேர அட்டவணையும் கையில் இருக்க வேண்டும்.

தனி அட்டவணைப் புத்தகங்கள் அரிதாகவே எஞ்சியுள்ளன. புதியது வந்ததும் பழையதை எறிந்துவிடுவதே வழக்கம். ஆகவே தேடலை நாளிதழ்களிலிருந்து தொடங்குவது நல்லது. 1930இல் தொடங்கிய வீரகேசரி, 1932இல் தொடங்கிய தினகரன், யாழ்ப்பாணத்து ஈழநாடு ஆகியவற்றில் நேர மாற்ற அறிவித்தல்களையும் மடு ஆவணித் திருவிழாவுக்கான விசேட புகையிரத அறிவித்தல்களையும் தேடலாம். ‘நூலகம்’ (noolaham.org) என்ற இணையத்தளத்தில் பழைய தமிழ் இதழ்கள் பலவற்றைக் கட்டணமின்றிப் படிக்கலாம். அங்கு கிடைக்காதவற்றுக்குக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குச் செல்ல வேண்டும்; செல்லும்போது புகையிரதப் பொது முகாமையாளரின் ஆண்டு நிருவாக அறிக்கைகளையும் கேட்டுப் பாருங்கள். இந்தியாவின் தனுஷ்கோடிக்குக் கப்பல் தொடர்பு கொண்டிருந்த தலைமன்னார்ப் பாதையை ஆராய்வோர் தென்னிந்திய ரயில்வேயின் அட்டவணைகளையும் விட்டுவிடக்கூடாது.

முகப்புக் கிழிந்த, ஆண்டு தெரியாத அட்டவணையின் காலத்தை உள்ளே இருக்கும் பெயர்களே காட்டிக்கொடுக்கும். மதவாச்சி–தலைமன்னார்ப் பாதை இருந்தால் அது 1914க்கு முந்தியதாகாது; கொழும்பு–யாழ்ப்பாணக் கடுகதியான யாழ்தேவி இருந்தால் 1956 ஏப்ரலுக்கு முந்தியதாகாது. கப்பல் தொடர்பு தனுஷ்கோடியோடு என்றிருந்தால், அந்தத் துறையை அழித்த 1964 டிசம்பர்ப் புயலுக்கு முந்தியது என்று கொள்ளலாம். பஸ் அட்டவணையில் தனியார் கம்பனியின் பெயர் இருந்தால், பஸ் சேவைகள் தேசியமயமான 1958 ஜனவரியை எல்லையாக வைத்துப் பாருங்கள்.

அட்டவணை சொல்வது திணைக்களத்தின் எண்ணத்தை மட்டுமே. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிர்வண்டிக்காகக் காத்துக் கிடந்த நேரத்தையும், மாரி வெள்ளத்தில் ரத்தான ஓட்டங்களையும் அது சொல்லாது. ஆதலால் எந்த நேரத்தையும் அதே மாதத்துச் செய்தி ஒன்றோடாவது ஒப்பிட்ட பின்பே எழுதுங்கள். பெரும்பாலோர் தவறவிடும் வேலை இதுதான்.

மணிக்கூட்டையும் சரிபார்க்க வேண்டும். போரை முன்னிட்டு 1942இல் முன்தள்ளப்பட்ட இலங்கை நேரம் 1945இல்தான் பழையபடி வந்தது. 1990இல் வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் நின்றுபோய், 2013இல்தான் கிளிநொச்சியை மீண்டும் எட்டியது என்பதால், இடைப்பட்ட ஆண்டுகளுக்குப் பஸ் ஓட்டங்களும் வாய்மொழிச் சாட்சியங்களுமே துணை. அரசு 1996இல் நேரத்தை மாற்றியபோது புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்தையே வைத்துக்கொண்டது. அந்த ஆண்டு ஒக்டோபரிலிருந்து 2006 ஏப்ரல் வரை இரண்டுக்கும் அரை மணி வித்தியாசம் இருந்தது. இரு பகுதிகளுக்கும் இடையே சோதனைச் சாவடி இருந்த ஓமந்தையைக் கடந்த பயணத்தைப் பற்றி ஒருவர் நேரம் சொன்னால், அது எந்தப் பக்கத்து நேரம் என்று அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.