ஆன்ட் கோப்பிலிருந்தே டாம்கேட்டில் மறுநிறுவல்: தொடக்கநிலையினருக்கு

ஜாவா வலைச் செயலியில் ஒரு வரியைத் திருத்தினாலும் வார் கோப்பை (செயலி முழுவதையும் ஒன்றாகக் கட்டிய WAR தொகுப்பை) மறுபடி உருவாக்கி, அதை இயக்கும் சர்வரான டாம்கேட்டின் வெப்ஆப்ஸ் கோப்புறையில் நகலெடுத்து, சர்வரை நிறுத்தித் தொடங்கும் வேலையை, செயலியைக் கட்டமைக்கும் பில்ட் கருவியான ஆன்ட்டிடமே ஒப்படைத்துவிடலாம். டாம்கேட்டை உருவாக்கும் பணிக்காக ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதி, 2000ஆம் ஆண்டில் தனியாக வெளிவந்த கருவியே ஆன்ட் என்பதால், இரண்டுக்கும் உறவு பழையது.

முதல் படி, டாம்கேட்டுடன் வரும் மேனேஜர் என்ற மேலாண்மைச் செயலியை ஆன்ட் அழைப்பதற்கான அனுமதி. டாம்கேட்டின் கான்ஃப் கோப்புறையிலுள்ள டாம்கேட்-யூசர்ஸ் எக்ஸ்எம்எல் கோப்பில் ஒரு புதிய பயனரைச் சேர்த்து, அவருக்கு மேனேஜர்-ஸ்கிரிப்ட் என்ற ரோலை (உரிமை வகையை) அளித்துவிட்டு, சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள். பலரும் தடுமாறும் இடம் இதுதான். பிரவுசரில் மேலாண்மைப் பக்கத்தைத் திறக்க உதவும் மேனேஜர்-ஜியூஐ ரோலை மட்டும் கொடுத்துவிட்டு, ஸ்கிரிப்ட் ஏன் மறுக்கப்படுகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். டாம்கேட் 7 முதல் இவை தனித்தனி ரோல்கள். இரண்டையும் ஒரே பயனருக்குக் கொடுப்பதும் தவறு. பிரவுசர் பக்கத்துக்கு உள்ள போலிக் கோரிக்கைத் தடுப்பு (CSRF தடுப்பு), ஸ்கிரிப்ட் வழிக்குக் கிடையாது.

அடுத்து, டாம்கேட் இருக்கும் இடத்தைக் கேட்டலினா ஹோம் (catalina.home) என்ற ப்ராப்பர்ட்டியாக, ஆன்ட்டுக்கான கட்டளைகள் உள்ள பில்ட் கோப்பில் குறித்து, அந்த இடத்திலுள்ள bin என்ற கோப்புறையில் இருக்கும் கேட்டலினா-டாஸ்க்ஸ் எக்ஸ்எம்எல் கோப்பை இம்போர்ட் செய்யுங்கள். டெப்ளாய், அன்டெப்ளாய், ரீலோடு முதலிய டாஸ்குகள் அப்போது ஆன்ட்டுக்குத் தெரியவரும்.

பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தனி ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் வைத்து, அதை கிட் களஞ்சியத்தில் சேர்க்காமல் விடுங்கள். மேனேஜரின் முகவரியும் அங்கேயே இருக்கட்டும்: லோக்கல்ஹோஸ்ட், 8080 போர்ட், அதன் பின் மேனேஜர், சாய்கோடு, டெக்ஸ்ட். இறுதிச் சொல்லை விட்டுவிட்டால் ஸ்கிரிப்ட் வேலை செய்யாது.

இப்போது, வார் கோப்பை உருவாக்கும் டார்கெட்டை (பில்ட் கோப்பில் பெயரிட்ட பணித் தொகுதியை) சார்ந்து இயங்கும் புதிய டார்கெட் ஒன்றை எழுதி, அதில் டெப்ளாய் டாஸ்கை வைத்து, சாய்கோட்டில் தொடங்கும் பாத்தையும் (செயலியின் முகவரிப் பாதையையும்) வார் கோப்பின் இடத்தையும் கொடுத்து, அப்டேட் என்பதை ட்ரூ என்று அமையுங்கள். பழைய பதிப்பு இருந்தால் டாம்கேட்டே அதை அகற்றிவிட்டுப் புதியதை நிறுவும். இதற்கு மாறாக, அன்டெப்ளாய் டாஸ்கைத் தனியாக முன்னால் எழுதினால், அகற்றுவதற்குச் செயலியே இல்லாத முதல் ஓட்டத்திலேயே பில்ட் நின்றுவிடும்.

401 என்று பிழை வந்தால் பெயரையோ கடவுச்சொல்லையோ சரிபாருங்கள். 403 வந்தால் ரோல் பொருந்தவில்லை, அல்லது வேறு கணினியிலிருந்து அழைக்கிறீர்கள். மேனேஜரின் கான்டெக்ஸ்ட் எக்ஸ்எம்எல் கோப்பு, அண்மைப் பதிப்புகளில், இயல்பாகவே உள்கணினி முகவரிகளை மட்டும் அனுமதிக்கிறது.

அகற்றி நிறுவும் இடைவெளியில் பயனர்களின் செஷன்கள் அறுந்துபோகும். சோதனைச் சர்வரில் அதனால் பாதகமில்லை. மக்கள் பயன்படுத்தும் சர்வராக இருந்தால், டெப்ளாய் டாஸ்கின் வெர்ஷன் பண்பில் 001, 002 என ஒரே இலக்க நீளத்தில், ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட உயர்ந்த எண்ணைக் கொடுங்கள்; டாம்கேட் அதை எண்ணாக அல்லாமல் எழுத்துச் சரமாகவே ஒப்பிடும். பழைய செஷன்கள் பழைய பதிப்பிலேயே தொடர, புதிதாக வருவோர் புதிய பதிப்புக்குச் செல்வார்கள்.