ஹொபிட்டை எடுத்திட்டு ஆரை வைக்கிறது?

கிளிநொச்சிப் பெடியளோட சேர்ந்து தமிழில் ஒரு பாத்திரமேற்பு விளையாட்டுப் (ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதையைக் கொண்டுபோற விளையாட்டு) புத்தகம் செய்யிறம். அவங்கள் தந்த இனப் பட்டியலில் எல்ஃப், குள்ளர், ஹொபிட், பிஹோல்டர்! முதல் ரெண்டும் நாட்டார் கதைச் சொத்து, ஆரும் எடுக்கலாம். ஹொபிட் அப்பிடியில்லை, அது டோல்கீன் எண்ட எழுத்தாளர் தன்ர கதையளுக்காக உருவாக்கின சின்ன ஆக்கள். 1974இல் வந்த டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் எண்ட பாத்திரமேற்பு விளையாட்டே டோல்கீன் கதையளின்ர உரிமைக்காரர் எதிர்த்தபிறகு அதை ஹாஃப்லிங் ஆக்கினது. அதே கதையளில வாற நடக்கிற மரமான ‘என்ட்’, ‘ட்ரீயன்ட்’ ஆச்சு; நெருப்புப் பூதமான ‘பல்ரொக்’, ‘பேலர்’ ஆச்சு.

பேரை மட்டும் மாத்துவம் எண்டான் ஒருத்தன். எனக்கு மனம் ஒப்பேல்லை: மயிர் மூடின பாதமும் நிலத்துக்குள்ள வளை தோண்டின வீடும் அப்பிடியே கிடந்தா ஆருக்கும் விளங்கும். எண்ணத்துக்குப் பதிப்புரிமை இல்லை, எழுதின விதத்துக்குத்தான் உண்டு. எங்கட இலங்கையின்ர 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் அதைத்தான் சொல்லுது. அதால ‘சின்ன ஆக்கள்’ எண்டதை மட்டும் வைச்சு மிச்சத்தை வன்னியிலிருந்து எடுத்தம். துருசர் எண்டு பேர். குளக்கட்டுக்குள்ள குடியிருப்பினம், தண்ணி மட்டத்தைக் காலால அறிவினம், மாரியில பலம் கூடும், கோடையில முதிரைக் காட்டுக்குள்ள ஒதுங்குவினம். (பெடியளுக்கு இப்ப இவைதான் செல்லம்.)

பிஹோல்டர் டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்காரரின்ர சொந்தப் பூதம், அதால அதை வெட்டியே விட்டம். விதிகளுக்கு 2023இல் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் (மூலத்தைச் சொன்னா ஆரும் பாவிக்கலாம்) விடப்பட்ட எஸ்ஆர்டி 5.1 எண்ட டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் அடிப்படை விதித் தொகுப்பு உதவினது, மூலக் குறிப்பை முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறம்.